கணினி துவங்காமல் நின்றுவிட்டதா? ஃபார்மட் செய்வதற்கு முன் இதைச் செய்யுங்கள்

கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை வலுத்தால் முதலில் சாய்வது கற்பூர மரம், அடுத்துப் போவது மின்சாரம். அப்படி ஒரு நவம்பர் மாலையில், ஜெராக்ஸ் கடை நடத்தும் அக்கா ஒருவர் தம் கணினியைத் தார்ப்பாயில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்த நேரத்தில் மின்சாரம் போயிருக்கிறது. திரும்ப வந்தபோது நீலத் திரையில் நான்கு வரி ஆங்கிலம். அதற்கு மேல் கணினி நகரவில்லை.

"ஃபார்மட் செய்தால்தான் சரியாகும் என்று கீழே ஒரு கடையில் சொல்லிவிட்டார்கள், தம்பி. மூன்று வருடத்துப் பசுந்தேயிலைக் கணக்கு இதற்குள் இருக்கிறது. யார் வீட்டு இலை எத்தனை கிலோ என்று நான் யாரைப் போய்க் கேட்பது?" என்றார்.

ஃபார்மட் தேவைப்படவில்லை. கணக்கு ஒரு வரிகூடக் குறையாமல் கிடைத்தது. கணினி துவங்கவில்லை என்றால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விட்டது என்று நினைத்து, பிள்ளைகளின் படங்களையும் படிப்பையும் கணக்கையும் தாங்களே அழிக்கச் சம்மதித்துவிடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன். கணினி பற்றி அதிகம் தெரியாதவரும் நிதானமாகச் செய்தால் முடிக்கக்கூடிய வேலை இது.

என்ன காணாமல் போனது?

மஞ்சூர்ச் சாலையில் கைகாட்டி என்றே ஓர் ஊர் இருக்கிறது. பனி மூடிய நாளில் சாலைப் பிரிவில் நிற்கும் கைகாட்டிப் பலகை விழுந்துவிட்டால், வெளியூர் ஓட்டுநர் அங்கேயே நின்றுவிடுவார். ஊர் எங்கும் போய்விடவில்லை, வழி சொல்லும் பலகைதான் இல்லை. கணினியைத் துவக்கி வைக்கும் பூட் கோப்புகள் அந்தப் பலகையைப் போன்றவை.

பொத்தானை அழுத்தியதும் தாய்ப்பலகையில் உள்ள பயாஸ் என்ற துவக்க மென்பொருள் விழிக்கிறது. இன்றைய கணினிகளில் அதற்கு யுஇஎஃப்ஐ என்று பெயர். அது ஹார்ட் டிஸ்க்கில் இஎஃப்ஐ என்ற சின்னஞ்சிறு பார்டிஷனை, அதாவது டிஸ்க்கின் ஒரு தனிப் பிரிவைத் தேடுகிறது. பெரும்பாலும் 100 எம்பி அளவுதான் இருக்கும். அதற்குள் விண்டோஸைத் தூக்கிவிடும் கோப்பும், விண்டோஸ் எந்தப் பார்டிஷனில் இருக்கிறது என்று குறித்து வைத்த பிசிடி என்ற பதிவும் இருக்கின்றன. பூட் கான்ஃபிகரேஷன் டேட்டா என்பதன் முதலெழுத்துகள்தான் பிசிடி. இந்தச் சொல் பிறகு தேவைப்படும்.

அந்தச் சிறு பார்டிஷன் ஃபேட்32 என்ற பழைய முறையில் அமைந்தது. நம் கோப்புகள் இருக்கும் சி டிரைவ் என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்தது. என்டிஎஃப்எஸ் தான் செய்யும் மாற்றங்களை முன்கூட்டியே ஒரு பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். எழுதும்போது மின்சாரம் போனாலும் அதைப் பார்த்துப் பெரும்பாலும் தேறிவிடும். ஃபேட்32க்கு அப்படிப் பதிவேடு கிடையாது. திடீர் மின்வெட்டில் கைகாட்டி விழுந்து ஊர் தப்பிக்க இதுவும் ஒரு காரணம்.

மின்வெட்டு மட்டுமல்ல. "இந்த 100 எம்பி எதற்கு?" என்று யாரோ அந்தப் பார்டிஷனை நீக்கியிருக்கலாம். இரண்டு டிஸ்க் உள்ள கணினியில் பழைய டிஸ்க்கைக் கழற்றியிருக்கலாம். பூட் கோப்புகள் அந்தப் பழையதில் இருந்திருக்கும்.

முதலில் கண்ணால் பார்க்க வேண்டியவை

திரையில் இருக்கும் செய்தியைக் கைப்பேசியில் படம் எடுங்கள். பிசிடி காணவில்லை அல்லது அதில் பிழை இருக்கிறது என்ற பொருளில் செய்தியும், கீழே 0எக்ஸ்சி000000எஃப் என்ற எண்ணும் இருந்தால் நாம் பேசும் கோளாறு அதுதான். பழைய கணினியில் கறுப்புத் திரையில் 'பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்' என்று வரும்.

குளிரில் கொண்டுவந்த கணினியை உடனே மின்சாரத்தில் இணைக்க வேண்டாம். அறையின் சூட்டில் உள்ளே ஈரம் பூக்கும். ஒரு மணி நேரமாவது அப்படியே விடுங்கள்.

பிறகு செருகியிருக்கும் பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒருமுறை துவக்கிப் பாருங்கள். வெறும் பென் டிரைவிலிருந்து துவங்க முயன்று கணினி திகைத்து நிற்பது உண்டு.

அடுத்து, துவங்கும்போதே எஃப்2 அல்லது டெலீட் விசையைத் தட்டி பயாஸுக்குள் போங்கள். இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, ஹார்ட் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? தெரியாவிட்டால் சிக்கல் பூட் கோப்பில் இல்லை. கேபிளிலோ டிஸ்க்கிலோ இருக்கிறது. இரண்டு, தேதி சரியா? பல வருடம் பின்னே போயிருந்தால் தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர்2032 என்ற பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. அது தீர்ந்தால் சில கணினிகளில் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து, யுஇஎஃப்ஐக்கு முந்தைய பழைய பூட் முறைக்குத் திரும்பிவிடும். யுஇஎஃப்ஐ முறையில் நிறுவிய விண்டோஸ் அதன் கண்ணுக்குத் தெரியாது. குளிரில் அந்தப் பேட்டரியின் மின்னழுத்தம் இன்னும் இறங்கும் என்பதால் மலையில் இருப்பவர்கள் இதை முதலிலேயே சந்தேகிப்பது நல்லது. பேட்டரியை மாற்றி, பூட் முறையை யுஇஎஃப்ஐ என்று வைத்ததுமே எழுந்து நின்ற கணினிகளை நான் பார்த்திருக்கிறேன்.

டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் இங்கேயே நிறுத்துங்கள். அது தகவல் மீட்பவரிடம் போக வேண்டிய டிஸ்க்.

மீட்புப் பென் டிரைவ்

பூட் கோப்பே இல்லாதபோது கணினிக்குள் இருக்கும் பழுதுநீக்கும் வசதியும் பெரும்பாலும் எழாது. வெளியிலிருந்து துவக்க வேண்டும். வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூல் என்ற இலவசக் கருவியை இறக்கி, 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றைச் செருகி, அது கேட்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால் போதும். பென் டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும். உங்களிடம் இருப்பது விண்டோஸ் 10 என்றால் 10, 11 என்றால் 11 என்று அதே பதிப்பை எடுங்கள். சில ஜிபி இறக்க வேண்டியிருக்கும். மழை நாளில் இணையம் விட்டுவிட்டு வரும் ஊர்களில் இரவில் போட்டுவிட்டுத் தூங்குவதே வழி.

அந்தப் பென் டிரைவைப் பழுதான கணினியில் செருகி, துவங்கும்போது எஃப்12 தட்டுங்கள். சில நிறுவனக் கணினிகளில் எஃப்9 அல்லது எஸ்கேப். பட்டியலில் யுஇஎஃப்ஐ என்று தொடங்கும் பென் டிரைவின் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

மொழி கேட்கும் திரை வரும். இங்கே கை பதறக்கூடாது. 'இன்ஸ்டால்' என்ற பொத்தானைத் தொடவே வேண்டாம். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு எஃப்10 தட்டுங்கள். மடிக்கணினியில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கலாம். கறுப்பான கட்டளைச் சாளரம் திறக்கும். இனி எல்லாமே இதற்குள்தான்.

கோப்புகளை முதலில் வெளியே எடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். நோட்பேட் என்று தட்டச்சு செய்து எண்டர் தட்டுங்கள். நோட்பேட் திறந்ததும் ஃபைல், ஓப்பன் என்று போய், கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்தச் சிறு பெட்டியிலேயே எல்லா டிரைவுகளும் தெரியும். யூசர்ஸ் என்ற கோப்புறைக்குள் உங்கள் பெயர், அதற்குள் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ். வேண்டிய கோப்புறையின் மேல் வலது கிளிக் செய்து, 'சென்ட் டூ' வழியாக இன்னொரு பென் டிரைவுக்கு அனுப்பிவிடலாம். நகலெடுக்கும்போது முன்னேற்றப் பட்டை எதுவும் காட்டாது. பெட்டி அப்படியே உறைந்தாற்போல் நிற்கும். பொறுத்திருங்கள்.

அக்காவின் கணினியில் அந்தப் பெட்டி திறந்தபோது 'இலை கணக்கு' என்று பெயரிட்ட மஞ்சள் கோப்புறை மூன்றாவது வரியில் இருந்தது. அக்கா விரலைத் திரையில் வைத்து, "இதுதான், இதேதான்" என்றார். அதற்குப் பிறகுதான் கொடுத்த டீயைக் குடித்தார்.

டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் வசதி போட்ட கணினி என்றால் சி டிரைவ் பூட்டியிருக்கும். 48 இலக்க மீட்பு எண் வேண்டும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் வேறொரு கருவி வழியாக நுழைந்தால் பெரும்பாலும் அங்கே கிடைக்கும்.

கைகாட்டியை மீண்டும் நடுதல்

கீழே உள்ள கட்டளைகளைத் தமிழ் உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். நீங்கள் அதே சொற்களை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்து, ஒவ்வொரு வரிக்கும் பின் எண்டர் தட்ட வேண்டும். புள்ளி, சாய்கோடு, இடைவெளி எல்லாம் இங்கே இருப்பது போலவே.

டிஸ்க்பார்ட்
லிஸ்ட் டிஸ்க்

முதல் கட்டளை ஒரே சொல். டிஸ்க் என்பதன் கடைசி எழுத்து 'கே'. வரும் பட்டியலில் உங்கள் டிஸ்க்குக்கு நேரே, கடைசியாக உள்ள ஜிபிடி பத்தியில் நட்சத்திரக் குறி இருந்தால் யுஇஎஃப்ஐ என்ற புதிய முறை. இல்லாவிட்டால் பழைய முறை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

லிஸ்ட் வால்யூம்

இப்போது நிதானமாகப் படியுங்கள். ஃபேட்32 என்றும் 100 எம்பி சுமாருக்கு என்றும் இருக்கும் வரிதான் நாம் தேடுவது. சில கணினிகளில் 260 எம்பி, 500 எம்பி என்றும் இருக்கும். நீங்கள் செருகிய பென் டிரைவும் ஃபேட்32 என்றே காட்டும். ஆனால் அதன் அளவு ஜிபி கணக்கில் இருக்கும், வகை 'ரிமூவபிள்' என்று இருக்கும். குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த வரியின் எண் 2 என்று வைத்துக்கொள்வோம்.

செலக்ட் வால்யூம் 2
அசைன் லெட்டர்=இசட்
எக்ஸிட்

அந்தச் சிறு பார்டிஷனுக்கு இசட் என்று தற்காலிகப் பெயர் கொடுத்துவிட்டோம். டிஸ்க்பார்ட்டுக்குள் இருக்கும்போது 'கிளீன்' என்ற சொல்லை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தட்டச்சு செய்யாதீர்கள். பெயர்தான் சுத்தம் செய்வது. அது அழிப்பது டிஸ்க்கின் பார்டிஷன் அனைத்தையும்.

விண்டோஸ் எந்த எழுத்தில் இருக்கிறது என்று அடுத்துப் பார்க்க வேண்டும். இந்தச் சூழலில் எழுத்துகள் இடம் மாறியிருக்கலாம். டைரக்டரி என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளைத் தட்டச்சு செய்து, இடைவெளி விட்டு, சி:\ என்று கொடுங்கள். பட்டியலில் விண்டோஸ், யூசர்ஸ் இரண்டும் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் டி, இ என்று மாற்றிப் பாருங்கள். சி என்றே கொள்வோம். இனி முக்கியமான ஒரே கட்டளை:

பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் இசட்: /எஃப் யுஇஎஃப்ஐ

பிசிடியும் பூட்டும் சேர்ந்த ஒரே சொல். சி:\விண்டோஸ் கோப்புறைக்குள்ளேயே பூட் கோப்புகளின் பிரதி எப்போதும் இருக்கிறது. அதிலிருந்து எடுத்து இசட்டில் வை என்பதே இதன் பொருள். கோப்புகள் வெற்றிகரமாக உருவாகின என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தால் வேலை முடிந்தது.

நகலெடுக்க முடியவில்லை என்று வந்தால் அந்தச் சிறு பார்டிஷனே சேதமாகியிருக்கிறது. செக், டிஸ்க் இரண்டையும் சுருக்கி சி, எச், கே, டி, எஸ், கே என்று ஒரே சொல்லாகத் தட்டச்சு செய்து, இடைவெளி, இசட்:, இடைவெளி, /எஃப் என்று கொடுத்துச் சரிபார்த்துவிட்டு மறுபடி முயலுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால்:

ஃபார்மட் இசட்: /எஃப்எஸ்:ஃபேட்32

இந்த 100 எம்பியை மட்டும் அழித்து, பிசிடிபூட் கட்டளையை மீண்டும் கொடுக்கலாம். எண்டர் தட்டுவதற்கு முன் எழுத்து இசட்தானா என்று இரண்டு முறை பாருங்கள். அதே கணினியில் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம். அதன் பூட் கோப்புகளும் அங்கேதான் இருக்கும்.

பலரும் பூட்ரெக் என்ற கட்டளையை எல்லாக் கணினிக்கும் பரிந்துரைக்கிறார்கள். புதிய முறைக் கணினியில் அதன் ஃபிக்ஸ்பூட் பகுதி 'ஆக்சஸ் டினைட்' என்று மறுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. பயந்து ஃபார்மட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்த மறுப்பைப் பொருட்படுத்தவே வேண்டாம், பிசிடிபூட் போதும்.

பழைய முறை டிஸ்க் என்றால், சிஸ்டம் ரிசர்வ்டு என்ற சிறு வால்யூமைத் தேர்ந்தெடுங்கள். அது இல்லையென்றால் விண்டோஸ் இருக்கும் வால்யூமையே தேர்ந்தெடுங்கள். 'ஆக்டிவ்' என்று ஒரு வரி கொடுத்துவிட்டு, சிறு வால்யூம் என்றால் அதற்கும் இசட் என்று பெயரிட்டு, முன்போலவே எக்ஸிட் கொடுங்கள். பிசிடிபூட் வரியின் முடிவில் யுஇஎஃப்ஐக்குப் பதிலாக பயாஸ் என்ற சொல். சி டிரைவையே தேர்ந்தெடுத்திருந்தால் இசட்: இருந்த இடத்தில் சி:. பிறகு:

பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்
பூட்ரெக் /ஃபிக்ஸ்பூட்

இங்கே அவை பயன்படும்.

சாளரத்தை மூடி, பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுக் கணினியைத் துவக்குங்கள். முதல்முறை கொஞ்சம் தாமதமாகும். பிட்லாக்கர் இருந்தால் அந்த 48 இலக்கத்தை ஒருமுறை கேட்கலாம். விண்டோஸ் வந்ததும் தேதியைச் சரிபாருங்கள். பாதியில் நின்ற புதுப்பித்தலை மின்சாரம் நிலையாக இருக்கும் வேளையில், யுபிஎஸ் இணைப்போடு முடித்துவிடுங்கள்.

மீட்புப் பென் டிரைவை அழிக்காமல் தனியே வையுங்கள். அக்கா அதற்கு ஒரு சிவப்பு நூல் கட்டி, கடைச் சாவியோடு சேர்த்து ஆணியில் மாட்டியிருக்கிறார். இலைக் கணக்கின் பிரதி ஒன்று இப்போது அவர் வீட்டு அலமாரியில் வேறொரு பென் டிரைவில் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் அதைக் கடைக்குக் கொண்டுவந்து புதிதாக நகலெடுத்துப் போகிறார்.