புரோக்கர் மூலம் வீடு விற்கப் போகிறீர்களா?

புரோக்கரைக் கூப்பிடுவதற்கு முன் பத்திரங்களைச் சரிபாருங்கள். கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரங்கள் (முந்தைய உரிமையாளர்களின் பத்திரங்கள்), சொத்து வரி ரசீது, 30 வருட வில்லங்கச் சான்றிதழ் (சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டுவது) எல்லாம் கையில் இருக்கட்டும், அதிலும் பட்டா இன்னும் காலமான அப்பா பெயரிலேயே இருந்தால் முதலில் அதை மாற்றிவிடுங்கள், ஏனென்றால் வாங்குபவர் கடனுக்குப் போகும்போது வங்கி வக்கீல் அந்த இடத்தில்தான் பிடித்துக்கொள்வார்.

அப்புறம் வீடு. குளியலறைச் சுவரில் ஓதம் ஏறிப் பெயிண்ட் பொரிந்திருந்தால் அதன் மேலேயே பூசி மறைக்காதீர்கள், வாங்க வருபவர் விரலால் தட்டிப் பார்த்தாலே உதிரும். கசிவை அடைத்து, காயவிட்டு, பிறகு பூசுங்கள்.

கமிஷன் பெரும்பாலும் 1 அல்லது 2 சதவீதம். எவ்வளவு, எப்போது என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். புரோக்கரிடம் பத்திரங்களின் ஜெராக்ஸ் மட்டும் கொடுத்தால் போதும். ஒரிஜினல் பத்திரமோ பவரோ (உங்கள் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரம்) எக்காரணம் கொண்டும் கொடுக்க வேண்டாம்.

அட்வான்ஸை வங்கி வழியாகவே வாங்குங்கள், ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி அபராதம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் (உங்கள் பெயரில் அரசுக்குக் கட்டும் வரிப் பிடித்தம்) பிடிப்பார், அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.