பானையைப் பளிங்காக்கும்போது சறுக்கும் இடங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு ஞாயிறுதோறும் நாலைந்து பேர் வருகிறார்கள். பூந்தொட்டி, விளக்குத் தண்டு, மரத்தட்டு என்று எதையாவது கொண்டுவந்து பளிங்குக் கல் போலவோ கிரானைட் போலவோ தீட்டப் பழகுகிறார்கள். நான் அடிப்படையில் போர்டு எழுதுகிற ஆள். பிளக்ஸ் வந்து எழுத்து வேலை படுத்த பிறகு இந்தப் பக்கம் ஒதுங்கினேன். வந்த புதிதில் நான் செய்த கோளாறுகளை வரிசை மாறாமல் இவர்களும் செய்கிறார்கள். பார்த்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

கீழே பேப்பர் விரியுங்கள், பிரஷ்ஷைக் கழுவி வையுங்கள் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. சட்டை இரண்டு பாழானால் அது தானாக வந்துவிடும்.

கல்லைப் பார்க்காமல் கல் தீட்டுவது

கறுப்பு அடித்து, அதன்மேல் ஸ்பாஞ்சால் வெள்ளையும் சாம்பலும் ஒற்றி, அழகான கிரானைட் வந்திருக்கும். அதோடு நிறுத்த மனசு வராது. குறுக்கே ஒரு வெள்ளை நரம்பு இழுப்பார்கள். இது எந்த ஊர்க் கல் என்று கேட்டால் பதில் இருக்காது.

கிரானைட் என்பது பூமிக்கு அடியில் உருகிய பாறை மெதுவாக ஆறி இறுகியது. குவார்ட்ஸ், பெல்ஸ்பார், மைக்கா எல்லாம் தனித்தனிப் படிகமாக நிற்பதால்தான் அது பொட்டுப் பொட்டாகத் தெரிகிறது. பளிங்கு வேறு சாதி. சுண்ணாம்புக் கல் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. அதில் கலந்திருந்த களிமண்ணும் இரும்பும்தான் நரம்பாக ஓடுகின்றன. ஆகவே பழகுகிற காலத்தில் பொட்டு என்றால் பொட்டு, நரம்பு என்றால் நரம்பு. இரண்டையும் ஒரே பானையில் போடாதீர்கள்.

நரம்பிலும் ஒரு விஷயம். புதிதாக வருகிறவர்கள் மரக்கிளை வரைவது மாதிரி வரைவார்கள், இல்லையென்றால் மின்னல் வெட்டுவது மாதிரி. பிரஷ்ஷின் நுனியைப் பிடிக்காமல் வால் பக்கம் பிடியுங்கள். விரலுக்கு நடுவே லேசாக உருட்டிக்கொண்டே சாய்வாக இழுங்கள். கை நடுங்கினால் நல்லது. கோடு ஈரமாக இருக்கும்போதே ஈர ஸ்பாஞ்சால் ஒரு ஓரத்தை மட்டும் ஒற்றி எடுங்கள். ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் கரைந்தும் நின்றால்தான் நரம்பு கல்லுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். சுத்த வெள்ளையில் சுத்தக் கறுப்பு நரம்பு வேண்டாம். சாம்பலில் துளி பழுப்பு கலந்தால் போதும்.

காசிமேட்டுப் பக்கம் கடலரிப்புக்காகக் கொட்டி வைத்திருக்கும் பாறைகளைப் போய்ப் பாருங்கள். அலை பட்ட கல்லும் படாத கல்லும் ஒரே நிறத்தில் இருக்காது. வார்னிஷ் அடித்த பிறகு உங்கள் பானையும் அப்படித்தான், ஒரு படி இருண்டு போகும். அதை மனசில் வைத்து நிறத்தைக் கொஞ்சம் வெளிறலாகவே கலக்குங்கள்.

(இந்தக் கள்ள வேலை நம் ஊருக்குப் புதிதும் இல்லை. கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் தயிரும் சேர்த்துப் பூசி, வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்த்துச் சுவரைப் பளிங்காக்கியிருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் மதராசுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் அதைப் பளிங்குக்கு நிகர் என்று வியந்து எழுதியிருக்கிறார்கள்.)

தொட்டால் ஒட்டவில்லை, அதனால் காய்ந்துவிட்டது என்று நம்புவது

இதற்குத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஐப்பசி மாதம். கல்யாண வரவேற்பில் வாசலில் வைக்க 14 பெரிய மண் ஜாடிகள், எல்லாம் வெள்ளைப் பளிங்காக வேண்டும் என்று ஒரு வேலை வந்தது. பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, வெள்ளை எனாமல் (எண்ணெய் பெயிண்ட்) இரண்டு கோட்டு, அப்புறம் நரம்பு. வெளியே தூறல் விட்டபாடில்லை. மறுநாள் காலையில் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. பளபளப்புக்கு எந்த வார்னிஷ் சீக்கிரம் காயும் என்று கடையில் கேட்டேன். தின்னர் கலந்து அடிக்கிற என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரைக் கொடுத்தார்கள். கேட்டதைத்தான் கொடுத்தார்கள், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நாலு ஜாடி அடித்து முடித்துத் திரும்பினால், முதல் ஜாடி யானைத் தோல் மாதிரி சுருங்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு முன்னாலேயே நரம்பெல்லாம் நெளிந்து நகர்ந்தது. சுருங்காத இடங்களில் பால் ஆடை படர்ந்த மாதிரி வெள்ளை மூட்டம். புத்தி இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். மேலே ஒரு கோட்டு கொடுத்தால் சரியாகிவிடும் என்று மீதியையும் அடித்தேன். ஒன்பது ஜாடிகள் அடிவரை சுரண்டும்படி ஆயிற்று. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், ஜாடிக் காசும் கையைவிட்டுப் போனது.

நடந்தது இதுதான். எனாமல் மேலிருந்து கீழாகக் காயும். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து முதலில் மேலே தோல் கட்டும். உள்ளே இரண்டு மூன்று நாளைக்கு மேலும் கொழகொழவென்று இருக்கும், மழைக்காலத்தில் இன்னும் அதிகம். அந்த நிலையில் தின்னர் பட்டால் அது தோலை ஊடுருவிப் பெயிண்டை ஊத வைக்கும். ஊதுவதற்கு இடமில்லாமல் பெயிண்ட் மடிந்து சுருங்கும். வெள்ளை மூட்டம் வந்தது வேறு காரணத்தால். தின்னர் படுவேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடும். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டில் வேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதேபோலக் காற்றின் ஈரம் ஈர லாக்கரில் படியும். நவம்பரில் நம் ஊர்க் காலைக் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். கடலும் கூப்பிடு தூரத்தில். வேறென்ன ஆகும்?

எனாமல்தான் வேண்டும் என்றால் வெயில் காலத்தில் ஒரு வாரம், மழைக் காலத்தில் இரண்டு வாரம் சும்மா விடுங்கள். ஜாடியின் அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், கட்டைவிரலை அழுத்தித் திருகிப் பாருங்கள். ரேகை பதிந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். மூக்கை வைத்துப் பாருங்கள், பெயிண்ட் வாசனை வந்தாலும் அதே கதைதான். அதற்குப் பிறகும் இரண்டு அங்குல இடத்தில் மட்டும் வார்னிஷ் தடவி அரை மணி நேரம் பாருங்கள். பழகுகிற காலத்தில் இந்தத் தலைவலியே வேண்டாம், அடிப்பூச்சு முதல் வார்னிஷ் வரை எல்லாம் தண்ணீரில் கரைகிற அக்ரிலிக்காகவே இருக்கட்டும். அதிலும் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பொறுமை வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மாடியில் வார்னிஷ் டப்பாவைத் திறக்காதீர்கள்.

போன மழையில் ஒரு தம்பி தலைமுடி காயவைக்கும் மெஷினைக் கொண்டுவந்து எனாமலுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். மேல்தோல் இன்னும் சீக்கிரம் கட்டிவிடும், உள்ளே இருப்பது வெளியேற வழியில்லாமல் கொப்புளமாகும் என்றேன். "தொட்டுப் பார்த்தேண்ணா, காஞ்சிடுச்சு" என்றான். எனக்கு 14 ஜாடியும் கண்முன் வந்து நின்றன. மறுவாரம் கொப்புளத்தோடு வந்தான்.

வெள்ளையின் மேல் எண்ணெய் வார்னிஷ்

மஞ்சளடிக்கும்.

செடி வைக்கிற மண் தொட்டி

வெளியே மட்டும் பூசிவிட்டு உள்ளே செடியை வைத்துத் தண்ணீர் ஊற்றினால், ஈரம் சுவர் வழியாக வந்து பெயிண்டைத் தள்ளும். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு வேறு, வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். தொட்டி நன்றாகக் காய்ந்த பிறகு உட்புறத்தை முதலில் அடைத்துவிட்டு வெளியே வாருங்கள். இன்னும் சுலபம், செடியைத் தனி பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து இதற்குள் இறக்கிவிடுவது.

பிளாஸ்டிக் வாளி

வேண்டாம். கைப்பிடி வைத்த பளிங்கை யார் பார்த்திருக்கிறார்கள்?

குடிதண்ணீர்ப் பானை

இதுவும் நடந்தது, அதுவும் என் வீட்டிலேயே. சித்திரை வெயிலில் வாங்கிய புதுப் பானையை ஆசையாகக் கிரானைட் ஆக்கினேன். பானைச் சுவரில் கசிகிற தண்ணீர் வெளியே ஆவியாவதால்தானே உள்ளே குளிர்கிறது? கசிகிற துளையையெல்லாம் நான் அடைத்துவிட்டேன். தண்ணீர் மாடித் தொட்டித் தண்ணீர் மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டு நாள் பார்த்துவிட்டு வீட்டுக்காரி வேறு பானை வாங்கிவந்தாள். கிரானைட் பானையில் இப்போது ரேஷன் அரிசி இருக்கிறது.