கிரானைட் அறுக்கும்போது நுரையீரலைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி?

தாம்பரம் பக்கம் கிரானைட், டைல்ஸ் வேலை எடுத்துச் செய்யும் மேஸ்திரி நான். புதிதாகக் கட்டிங் மெஷின் பிடிக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

வெள்ளையாகப் பறக்கிறதே, அந்தத் தூசியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வந்துவிடும். ஆபத்து கண்ணுக்குத் தெரியாததில்தான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். கல்லில் இருக்கும் சிலிக்கா என்ற தாதுவின் 4 மைக்ரானுக்கும் சிறிய துகள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். உடம்பின் காவல் செல்கள் அதை விழுங்கும், ஆனால் கல்லைச் செரிக்க முடியாமல் செத்துப்போகும். அந்த இடத்தில் தழும்பு விழும். தழும்பு விழுந்த நுரையீரல் விரியாது. இதுதான் சிலிக்கோசிஸ். வந்த தழும்பை எந்த மருந்தும் ஆற்றாது. காசநோயும் நுரையீரல் புற்றுநோயும் வரும் வாய்ப்பையும் அது கூட்டிவிடும்.

அதனால் முதல் வேலை, தூசியைக் கிளம்பவே விடாதீர்கள். தண்ணீர் ஊற்றி அறுங்கள். தண்ணீர் குழாய் உள்ள மெஷின் இருந்தால் நல்லது. இல்லையென்றால் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, பிளேடு கல்லைத் தொடும் இடத்திலேயே உதவியாள் விடாமல் ஊற்ற வேண்டும். கோடு போட்ட இடத்தில் ஒரு தடவை தெளித்துவிட்டு அறுப்பது பத்தாது, அரை அடி போவதற்குள் கல் காய்ந்துவிடும். மோட்டாரில் தண்ணீர் படக் கூடாது. லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக லைனை நிறுத்தும் சுவிட்ச்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லாமல் ஈரத்தில் மெஷினைத் தொடாதீர்கள்.

கிச்சன் மேடையில் சிங்குக்கு ஓட்டை போடுவதும், ஓரத்தைத் தேய்த்து உருட்டி மோல்டிங் பிடிப்பதும்தான் மோசமான வேலைகள். முகம் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும், அறையும் மூடியிருக்கும். முடிந்தவரை வெளியே வைத்து அறுத்து உள்ளே கொண்டுபோங்கள். குவார்ட்ஸ் சிலாப் (குவார்ட்ஸ் பொடியைப் பிசினோடு சேர்த்துச் செய்த செயற்கைக் கல்) என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். கிரானைட்டைவிட அதில் சிலிக்கா மிக அதிகம், 90 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். இந்த நோய்க்குப் பயந்துதான் ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் அதைத் தடையே செய்தது.

அப்புறம் மாஸ்க். முகத்தில் கட்டும் துண்டு இந்தத் துகளை நிறுத்தாது. என்95 வாங்குங்கள். ஒரு பட்டை உச்சந்தலையில், இன்னொன்று காதுக்குக் கீழே பிடரியில். மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்திவிட்டு வேகமாக ஊதிப் பாருங்கள். ஓரத்தில் காற்று கசிந்தால் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். தாடி இருந்தால் பிடிக்கவே பிடிக்காது.

அறுத்த சேற்றை ஈரமாக இருக்கும்போதே அள்ளிவிடுங்கள், காய்ந்தால் அதுவும் தூசிதான். விளக்குமாறும் வேண்டாம், சட்டையில் புளோயர் அடிப்பதும் வேண்டாம். வேலைச் சட்டையை சைட்டிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். அதோடு போய்ப் பிள்ளையைத் தூக்காதீர்கள்.

வெல்லம் தின்றால், வாழைப்பழம் தின்றால் தூசி போய்விடும் என்று எங்கள் ஆட்கள் இன்றும் நம்புகிறார்கள். தின்பது வயிற்றுக்குப் போகிறது, தூசி இருப்பது நுரையீரலில்.

சில பையன்கள் பீடிக்குப் பதில் வேப் (இ-சிகரெட்) பிடிக்கிறார்கள், வெறும் ஆவிதானே என்கிறார்கள். அது நீராவி இல்லை. நிக்கோடினும், சூடாக்கும் கம்பியிலிருந்து வரும் உலோகத் துகளும் அதில் இருக்கும். இந்தியாவில் 2019 முதல் அதற்குத் தடை. பீடியோ வேப்போ, தூசி தின்னும் நுரையீரலுக்கு இன்னொரு சுமை வேண்டாம்.

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, வறட்டு இருமல் வாரக்கணக்கில் நிற்கவில்லையா? அரசு மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, ஊதிப் பார்க்கும் சோதனை மூன்றையும் கேளுங்கள். "கல் அறுக்கிற வேலை" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். எக்ஸ்ரே படத்தில் சிலிக்கோசிஸ் காசநோய் மாதிரியே தெரியும், தொழிலைச் சொல்லாவிட்டால் அந்தக் கோணத்தில் யாருக்கும் தோன்றாது. எக்ஸ்ரே படத்தைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை பழைய படத்தோடு வைத்துப் பார்த்தால்தான் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று டாக்டரால் சொல்ல முடியும்.