மாநில சாசனத்தை ஒரே வரியில் முடிக்காதீர்கள்

அமெரிக்க மாநில மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்கு ஜூனியர்கள் எழுதும் பிரீஃப்களை, அதாவது எழுத்துப்பூர்வ வாதங்களைத் திருத்துவதிலேயே என் பாதி நாள் போகிறது. இந்தியாவில் சட்டம் படித்துவிட்டு இங்கே பார் எக்ஸாம் (வக்கீல் தகுதித் தேர்வு) எழுதியவர்களுக்கு ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனி அரசியல் சாசனம் இருப்பதே புதுசு. இங்கேயே படித்தவர்களும் அப்படியொன்றும் பிரமாதமில்லை. பக்க வரம்பு, கெடு தேதி, நியூயார்க்கில் சுப்ரீம் கோர்ட் என்றால் விசாரணை நீதிமன்றம்தான் என்பதெல்லாம் ஒருமுறை அடிபட்டால் புரிந்துவிடும், விட்டுவிடுகிறேன்.

கடைசியில் ஒட்டவைத்த வரி

சமீபத்தில் ஒரு வரைவு வந்தது. நியூஜெர்சி வழக்கு, வாசலில் வைத்த குப்பைப் பையை வாரண்ட் இல்லாமல் போலீஸ் பிரித்துப் பார்த்திருக்கிறது. பக்கம் பக்கமாக ஃபெடரல் (நாடு முழுமைக்குமான) சாசனத்தின் நான்காவது திருத்தம், அதாவது நியாயமற்ற சோதனைக்கு எதிரான பாதுகாப்பு, முடிவில் "இதே காரணங்களால் நியூஜெர்சி சாசனத்தின் முதல் பிரிவு, 7ஆவது பத்தியும் மீறப்பட்டது" என்று ஒரு வரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெருவோரக் குப்பைக்கு நான்காவது திருத்தத்தில் பாதுகாப்பில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988இல் கிரீன்வுட் வழக்கிலேயே சொல்லிவிட்டது. வாரண்ட் வேண்டும் என்று நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் 1990இல் ஹெம்பெல் வழக்கில் சொன்னது மாநில சாசனத்தை வைத்து. அதாவது தோற்கிற வாதத்துக்கு அத்தனை பக்கம், ஜெயிக்கிற வாதத்துக்கு ஒரு வரி, அதிலும் "இதே காரணங்களால்" என்று தோற்கிற காரணத்தோடே முடிச்சுப் போட்டாகிவிட்டது!

மாநில வாதத்துக்குத் தனித் தலைப்பு கொடுங்கள். சாசன வாசகம், அதன் வரலாறு, மற்ற மாநிலத் தீர்ப்புகள், உள்ளூர்க் கொள்கைக் காரணங்கள் என்று நான்கையும் எழுதச் சொன்னது பென்சில்வேனியாவின் எட்மண்ட்ஸ் தீர்ப்பு (1991). வாஷிங்டன் மாநிலத்தில் கன்வால் வழக்கு (1986) மாநில சாசனத்தைத் தனியாகப் பொருள்கொள்ளப் பார்க்க வேண்டிய ஆறு அம்சங்களைப் பட்டியலிட்டது. அவற்றைத் தொடாமல் வந்த மாநில வாதத்தை 1988இல் வெதரெட் வழக்கில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் பரிசீலிக்கவே இல்லை. வெர்மான்ட் 1985இல் ஜூவெட் வழக்கில் திரும்ப எழுதிக்கொண்டு வா என்று அவகாசம் கொடுத்தது, சரி, அந்தப் பெருந்தன்மையை எல்லா இடத்திலும் எதிர்பார்க்காதீர்கள்.

ஜெயித்தாலும் ஆபத்து உண்டு. மிச்சிகன் எதிர் லாங் (1983) வழக்கில் மாநில நீதிமன்றம் தன் சாசனத்தை இரண்டே இடத்தில் குறிப்பிட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஃபெடரல் சட்டத்தின் மேல் கட்டியது. அதனால் அந்தத் தீர்ப்பு ஃபெடரல் சட்டத்தையே நம்பியது என்று சொல்லி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கைக் கையிலெடுத்துத் தீர்ப்பையே மாற்றிவிட்டது. ஆகவே, மாநில சாசனமே தீர்ப்புக்குப் போதுமான, தனியான அடிப்படை என்று நீதிமன்றம் அதில் வெளிப்படையாக எழுதும்படி பிரீஃபிலேயே கேளுங்கள்.

கீழே சொல்லாததை மேலே சொல்வது

விசாரணை நீதிமன்றத்தில் எழுப்பாத வாதத்தை மேல்முறையீட்டில் புதிதாக எழுப்ப வேண்டாம். விதிவிலக்கை நம்பிக் கட்சிக்காரரை இறக்காதீர்கள்.

எல்லா மாநிலமும் ஒன்று என்று நினைப்பது

புளோரிடா 1982இல் தன் சாசனத்தைத் திருத்தி, சோதனை விஷயத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நான்காவது திருத்தத்துக்குச் சொல்லும் பொருளையே பின்பற்றுவதாக எழுதிக்கொண்டது. அங்கே ஹெம்பெலைக் கொண்டுபோய் நீட்டிப் பயனில்லை.