ஊருக்குப் போறீங்களா, குதிகாலைப் பாத்துக்கோங்க

டொராண்டோல இருந்து மூணு வாரத்துக்கு தண்டையார்பேட்டை போனேன், அதுல பாதி நாள் நொண்டிதான் நடந்தேன். பெட்டில என்ன எடுத்து வைக்கணும்னு சொல்ல நிறைய பேர் இருக்காங்க, நான் காலைப் பத்தி மட்டும் சொல்றேன்.

அண்ணன் போன்ல "ஒரே ஒரு வாட்டி வந்து கையெழுத்து போட்டுட்டு போம்மா"ன்னுதான் சொன்னாரு. அம்மா போனப்புறம் வீட்டை அவர் பேருக்கு மாத்த, என் பங்கை விட்டுக் குடுக்கற விடுதலைப் பத்திரம். ஒரு வாட்டின்னது மூணு நாளாச்சு. முதல் நாள் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல டோக்கன் வாங்கி மதியம் வரைக்கும் நின்னு உள்ள போனா வாரிசு சான்றிதழ்ல என் பேரு ஒரு மாதிரி, பாஸ்போர்ட்ல ஒரு மாதிரி, திருத்திட்டு வாங்கன்னுட்டாங்க. ரெண்டாவது நாள் சர்வர் வேலை செய்யல. மூணாவது நாள் எல்லாம் சரியா இருந்துச்சு, சாட்சிக்கு வர்றேன்னவர் சாயந்திரம்தான் வந்தாரு. இருந்த நாலு நாற்காலிலயும் வயசானவங்க, அவங்களை எழுப்ப மனசு வரல, மூணு நாளும் தட்டை ரப்பர் செருப்போட சிமெண்ட் தரைலயே நின்னேன். டொராண்டோல இருந்தே பவர் எழுதி அனுப்ப முடியுமான்னு முதல்லயே ஒரு வக்கீலைக் கேட்டிருக்கணும், நீங்களாவது கேளுங்க.

நடுவுல திருவொற்றியூர் கோயில்ல வெறுங்காலோட பிரகாரம் சுத்தினேன், எம்.சி. ரோட்ல அண்ணியோட ரெண்டு மணி நேரம் புடவைக் கடை. மூணாவது தடவை ஆபீஸ் போயிட்டு வந்த மறுநாள் காலைல கட்டில்ல இருந்து இறங்கி காலை ஊனினேன், குதிகால்ல ஆணி அடிச்ச மாதிரி இருந்துச்சு. பத்தடி நடந்ததும் கொஞ்சம் குறைஞ்சுது, உக்காந்து எழுந்தா மறுபடி அதே வலி.

பக்கத்து கிளினிக்ல எக்ஸ்ரே எடுத்துட்டு எலும்பு வளந்திருக்கு, உடனே ஊசி போடணும்னாங்க. பயந்து போய் வேற ஒரு எலும்பு டாக்டர்கிட்ட போனேன். அவர்தான் நிதானமா சொன்னாரு, இது பிளான்டார் ஃபேசியைட்டிஸ், குதிகால் எலும்புல இருந்து விரல் வரைக்கும் பாதத்துக்கு அடில ஓடுற பட்டை அளவுக்கு மேல இழுபட்டு நோகுது, அந்த முள்ளு மாதிரி வளர்ச்சி வலியே இல்லாதவங்களுக்கும் இருக்கும்னு. ஸ்டீராய்டு ஊசி கொஞ்ச நாளைக்கு வலியைக் குறைக்கும், ஆனா சில பேருக்கு அந்தப் பட்டையே அறுந்துடலாம், அதனால எடுத்த எடுப்புல வேணாம்னாரு.

அவர் சொன்னதைத்தான் இன்னைக்கும் செய்றேன். காலைல காலைக் கீழ வைக்கறதுக்கு முன்னாடியே, கட்டில்ல உக்காந்து பாதத்தைத் தொடை மேல போட்டு விரலை நம்ம பக்கமா இழுத்து 10 எண்ணணும், 10 தடவை. அப்புறம் சுவத்துல கை ஊனி, வலிக்கிற காலைப் பின்னாடி நீட்டி, குதிகால் தரையை விட்டு எழும்பாம 30 செகண்ட், ஆடுசதை இழுக்கணும். தண்ணி பாட்டிலை ஃப்ரீசர்ல வச்சு அதைப் பாதத்தால 10 நிமிஷம் உருட்டணும் (சுகர் இருந்து கால்ல உணர்ச்சி குறைவா இருந்தா ஐஸ் வேணாம்). முக்கியமா, மொசைக் தரைல வெறுங்காலோட நடக்கவே கூடாது, வீட்டுக்குள்ளயும் மெத்துன்னு இருக்கற செருப்பு. சரியாக மாசக்கணக்கு ஆகும், ஆனா பெரும்பாலானவங்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே சரியாயிடும். கால் மரத்துப்போனாலோ, வீங்கி சிவந்து காய்ச்சல் வந்தாலோ, கீழ விழுந்ததுக்கப்புறம் ஊனவே முடியலன்னாலோ உடனே டாக்டரைப் பாருங்க.

அன்னிக்கு ராத்திரி அண்ணி செங்கல்லைச் சூடு பண்ணி எருக்க இலை வச்சு ஒத்தடம் குடுத்தாங்க, இதமா இருந்துச்சு. "அத்தைக்கும் தினம் இந்தக் கல்லுலதான் வைப்பேன்"னாங்க. அம்மா எத்தனையோ வருஷமா போன்ல "குதிகால் ஊனவே முடியலடி"ன்னு சொல்லிட்டே இருந்தாங்க, நான் ஒவ்வொரு தடவையும் நல்ல செருப்பா வாங்கிக்கோம்மான்னு சொல்லிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிடுவேன். அந்த விரல் இழுக்கற பயிற்சிக்கு ஒரு பைசா செலவில்ல, நான் ஒருநாள் வீடியோ கால்ல காட்டியிருந்தா போதும்.

அண்ணிக்கும் இப்ப அதே வலி ஆரம்பிச்சிருக்கு. கெளம்பறதுக்கு முன்னாடி மெத்து செருப்பு ஒரு ஜோடி வாங்கிக் குடுத்தேன். போன வாரம் போன் பண்ணி கேட்டேன், சாமி ரூம் இருக்கற வீட்டுல எப்படிம்மா செருப்பு போட்டு நடக்கறதுன்னு தயங்கினாங்க. சமையக்கட்டுல மட்டுமாவது போடுங்க அண்ணின்னு சொல்லியிருக்கேன், ஞாயித்துக்கெழம மறுபடி கேப்பேன்.