கோஸ்தா தெல் சோலில் கிறிஸ்துமஸ்: 25-ஆம் தேதியை மட்டும் நம்பிப் போகாதீர்கள்

டிசம்பர் கடைசியில் மாலகா விமான நிலையத்தில் வந்து இறங்கும் குடும்பங்கள் பலவற்றின் திட்டம் ஒன்றுதான். 24-ஆம் தேதி வருவது, 25 அன்று கடற்கரையில் கொண்டாடுவது, புத்தாண்டு முடிந்ததும் 2-ஆம் தேதி கிளம்பிவிடுவது. லண்டன், பாரிஸ் பக்கம் இருக்கும் நம் ஆட்களும் பெரும்பாலும் இப்படித்தான் டிக்கெட் போடுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போட்டேன். ஆனால் தெற்கு ஸ்பெயினின் கோஸ்தா தெல் சோலில், அதாவது 'சூரியக் கரை'யில், பண்டிகையின் கணக்கு வேறு. டிசம்பர் 22 லாட்டரிக் குலுக்கலில் தொடங்கி, ஜனவரி 6, குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ராஜாக்களின் திருநாளில்தான் முடிகிறது. இந்தப் பதினாறு நாளில் 25 என்பது வீட்டோடு இருந்து ஓய்வெடுக்கும் நாள். வெளியிலிருந்து வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி இது தெரியாததால் வருபவை.

முதலில் 24 இரவு. ஸ்பானியர்கள் இதை 'நொச்சேபுவேனா', நல்ல இரவு என்கிறார்கள். கிறிஸ்துமஸின் பெரிய விருந்து அன்றைக்குத்தான், அதுவும் வீட்டில், குடும்பத்தோடு. அதனால் சூப்பர் மார்க்கெட்டுகள் மாலையிலேயே மூடிவிடும், உணவகங்களில் பெரும்பாலானவை இரவில் திறக்காது, ரயிலும் பேருந்தும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் நின்றுவிடும். அந்த முதல் தடவை நாங்கள் இரவு எட்டரைக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு சாப்பிடப் புறப்பட்டோம். கடலோர நடைபாதை முழுக்க விளக்கு எரிகிறது, ஆள் இல்லை, ஒரு கடையும் இல்லை. கடைசியில் ஒரு பெட்ரோல் பங்க் கடையில் ரொட்டியும் சீஸும் வாங்கி அறையில் வைத்துச் சாப்பிட்டோம். பசியைவிடக் குழந்தைகளின் ஏமாற்றம்தான் கஷ்டமாக இருந்தது.

அன்றைய கொண்டாட்டம் தெருவில் இருப்பது மதியத்தில். 24 அன்று பகல் ஒரு மணியிலிருந்து மாலகா நகர மையம் நிரம்பி வழியும். நண்பர்கள், கூட வேலை செய்பவர்கள், படிப்புக்காக வெளியூர் போய்த் திரும்பிய பிள்ளைகள் எல்லாரும் மதுக்கடை வாசல்களில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். மாலையானதும் ஒவ்வொருவராக வீட்டுக்குக் கிளம்புவார்கள். ஆகவே நன்றாகச் சாப்பிட வேண்டியதை மதியத்திலேயே முடித்துவிடுங்கள். 23-ஆம் தேதியே இரண்டு நாளைக்கான பால், அரிசி, காய்கறி, மருந்து வாங்கி வைத்துவிடுங்கள். சமையலறை உள்ள வீடாக எடுத்தால் இன்னும் நல்லது. 25 மதியம் சில உணவகங்கள் திறந்திருக்கும், ஆனால் முன்பதிவு செய்யாமல் இடம் கிடைப்பது கடினம்.

நள்ளிரவுத் திருப்பலிக்குப் போக நினைப்பவர்கள் நேரத்தை முன்னாடியே அந்தந்தக் கோவிலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு அங்கே 'சேவல் பூசை' என்று பெயர். நள்ளிரவு என்ற பெயரைப் பார்த்துப் பன்னிரண்டு மணிக்குப் போய் நிற்காதீர்கள், சில கோவில்களில் அது முன்னதாகவே முடிந்துவிடும். திரும்பி வர வண்டியும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது குளிர். பெயரில் சூரியன் இருக்கிறது, படங்களில் வெயில் அடிக்கிறது, அதை நம்பிப் பெட்டி கட்டுகிறார்கள். மாலகாவில் டிசம்பர் பகல் 17, 18 டிகிரி வரை போகும். வெயிலில் உட்கார்ந்தால் சுகமாகத்தான் இருக்கும். ஆறு மணி தாண்டியதும் இருட்டிவிடும், இரவில் 8, 9 டிகிரி. கடல் நீர் 16 டிகிரியை ஒட்டி இருக்கும், குழந்தைகளை இறக்க முடியாது. அந்தக் கரையில் மழை அதிகம் பெய்யும் மாதங்களில் டிசம்பரும் ஒன்று என்பதால் குடையும் வேண்டும்.

இதைவிட முக்கியமானது, வீட்டுக்குள் இருக்கும் குளிர். அந்த வீடுகள் கோடையைச் சமாளிக்கக் கட்டப்பட்டவை. தரை முழுக்க டைல்ஸ், பல வீடுகளில் நிரந்தரமான வெப்பமூட்டும் வசதி கிடையாது. வெளியே வெயிலில் நடக்கும்போது கழற்றிய ஸ்வெட்டரை வீட்டுக்குள் வந்து போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். உள்ளூர்க்காரர்கள் வட்ட மேசைக்கடியில் ஒரு சிறு கணப்பை வைத்து, மேலே தடித்த துணியைத் தரைவரை தொங்கவிட்டு, அதற்குள் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார்கள். வாடகைக்கு எடுக்கும் முன் 'கலெஃபக்சியோன்', அதாவது வெப்பமூட்டும் வசதி, இருக்கிறதா என்று கேளுங்கள். கனமான காலுறை எடுத்துப் போங்கள். முதியவர்களோடு போகிறவர்கள் இதை அலட்சியம் செய்யவே கூடாது.

சாப்பாட்டில் நம்மவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இனிப்புத் தட்டு. கிறிஸ்துமஸ் சமயத்தில் எங்கே போனாலும் காகிதத்தில் சுற்றிய சின்னப் பலகாரங்களை நீட்டுவார்கள். மந்தெகாதோ, போல்வொரோன் என்று பெயர். மாலகா மாகாணத்தின் அந்தெகேராவும் செவில்லா மாகாணத்தின் எஸ்தேபாவும் இதற்குப் பேர் போன ஊர்கள். வறுத்த மாவு, சர்க்கரை, சில சமயம் பாதாம், கூடவே பன்றிக் கொழுப்பு. 'மந்தேகா' என்றால் கொழுப்பு, பெயரே அதிலிருந்துதான் வருகிறது. பார்க்க நெய் பிஸ்கட் போல இருப்பதால் சைவர்களும் முஸ்லிம் நண்பர்களும் தெரியாமல் சாப்பிட்டுவிட்டு அப்புறம் வருந்துகிறார்கள். ஆலிவ் எண்ணெயில் செய்ததும் கடைகளில் கிடைக்கிறது, உறையைப் படித்து வாங்கலாம். 'துர்ரோன்' பெரும்பாலும் கவலையில்லாதது. பாதாம், தேன், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் செய்வது. ஹிஹோனா வகை மென்மையாகவும் அலிகாந்தே வகை கடினமாகவும் இருக்கும். உணவகத்தில் 'சின் கார்னே', இறைச்சி வேண்டாம், என்று சொன்னால் மட்டும் போதாது. பதப்படுத்திய பன்றித் தொடையான ஹாமோனைப் பலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதையும், மீனையும் தனியாகச் சொல்லுங்கள்.

சாப்பிடத் தடையில்லாதவர்களுக்கு ஒன்று: போல்வொரோனைப் பிரித்ததும் கடித்தால் மாவாக உதிர்ந்துவிடும். காகிதத்தோடு உள்ளங்கையில் வைத்து இறுக்கி அழுத்திவிட்டுப் பிரிக்க வேண்டும்.

லாட்டரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1812-இல் இதே தெற்கு ஸ்பெயினின் காதிஸ் நகரில் தொடங்கிய பழைய வழக்கம் அது. பத்தில் ஒரு பங்குச் சீட்டு 20 யூரோ. நண்பர்களோடு கூட்டாக வாங்கினால், சீட்டு யாரிடம் இருக்கிறது, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாக விட்டுவிட்டு உறவு முறிந்தவர்கள் அங்கே நிறைய.

டிசம்பர் 28-ஐ வெளியிலிருந்து வருகிறவர்கள் கண்டுகொள்வதில்லை. மாசில்லாக் குழந்தைகள் திருநாள் அது. ஸ்பெயினில் அன்று ஏப்ரல் முதல் தேதி போலப் பிறரை ஏமாற்றி விளையாடுவார்கள். செய்தித்தாளில் பொய்ச் செய்தியும் வரும், படித்ததும் பகிர்ந்துவிடாதீர்கள். அதே நாளில் மாலகாவின் புவெர்த்தோ தெ லா தொர்ரேயில் வெர்தியாலெஸ் விழா நடக்கும். மலைக் கிராமத்து இசைக்குழுக்கள் பூவும் ரிப்பனும் கண்ணாடித் துண்டும் தைத்த தொப்பி அணிந்து, வயலின், கிதார், தம்பூரின், சிறு தாளங்களோடு வந்து பாடி ஆடுவார்கள். எனக்கு இந்தக் கரையில் மிகப் பிடித்த நாள் இதுதான். கடற்கரை விடுதியிலேயே இருந்துவிட்டு இதைத் தவறவிடுகிறவர்களை நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

டிசம்பர் 31 இரவில் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போது ஒவ்வொரு மணியோசைக்கும் ஒன்றாகப் பன்னிரண்டு திராட்சை சாப்பிட வேண்டும். இங்கே எல்லாரும் செய்யும் தவறு, சீக்கிரம் தொடங்கிவிடுவது. தொலைக்காட்சியில் காட்டுவது தலைநகர் மத்ரித்தின் புவெர்த்தா தெல் சோல் சதுக்கத்துக் கடிகாரத்தை. அது முதலில் நான்கு முறை இரட்டை மணி அடிக்கும். அது 'குவார்த்தோஸ்', கால் மணிகள். அப்போது சாப்பிடக் கூடாது. அதன் பிறகு சற்று நிதானமாக வரும் பன்னிரண்டு மணிதான் கணக்கு. 1989 டிசம்பர் 31 இரவு தேசியத் தொலைக்காட்சியிலேயே இரண்டையும் குழப்பிவிட்டார்கள், நாடே திராட்சையோடு திகைத்தது. விதையில்லாத சின்னப் பழமாகப் பாருங்கள். தோலுரித்த பன்னிரண்டு பழத்தைச் சிறு டப்பாவிலும் விற்கிறார்கள். ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு முழுத் திராட்சை தரவே வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் நான்காக வெட்டிப் பொறுமையாக ஊட்டுங்கள், மணிக் கணக்கெல்லாம் அவர்களுக்கு வேண்டாம்.

இனி பெரிய தவறு, ஜனவரி 2-இல் திரும்புவது. ஸ்பானியக் குழந்தைகள் ஆண்டு முழுக்கக் காத்திருப்பது ஜனவரி 5 மாலைக்குத்தான். மெல்சோர், கஸ்பார், பல்தாசார் என்ற மூன்று ராஜாக்கள் அன்று ஊர்வலமாக வருவார்கள். 'கபல்காத்தா' என்று பெயர். இப்போதெல்லாம் கிறிஸ்துமஸ் தாத்தாவும் பரிசு தருகிறார் என்றாலும் ராஜாக்களின் இடம் போகவில்லை. மாலகா, தொர்ரெமோலினோஸ், ஃபுவென்ஹிரோலா, நெர்ஹா என எல்லா ஊரிலும் இது உண்டு. கைக்குழந்தையோடு போகிறவர்கள் பெருநகரத்தை விட்டுச் சிறிய ஊர் ஊர்வலத்துக்குப் போவது நல்லது. ரதங்களிலிருந்து மிட்டாயை வாரி வீசுவார்கள். பொறுக்கும் ஆசையில் குழந்தைகள் சக்கரத்துக்குக் கிட்டே ஓடிவிடுவார்கள், ஆகவே கையை விடாதீர்கள், தடுப்புக்குப் பின்னால் நில்லுங்கள். ராஜாக்களின் பேரில் பரிசு வைப்பது பெற்றோர்தான் என்ற ரகசியத்தை அங்குள்ள குழந்தைகள் காதில் விழும்படி பேசிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல்தாசார் கறுப்பு ராஜா. சில ஊர்களில் வெள்ளையர் ஒருவர் முகத்தில் கருப்புச் சாயம் பூசி அந்த வேடத்தில் வருவார். ஸ்பெயினுக்குள்ளேயே இதற்குக் கடும் எதிர்ப்பு இருக்கிறது, கறுப்பினத்தவரையே அந்த வேடத்தில் அமர்த்தும் ஊர்களும் கூடியிருக்கின்றன. ஆனாலும் உங்கள் கண்ணில் படலாம். நம் நிறத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். வழக்கம் என்ன, அதில் தவறு என்ன என்று இரண்டையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு போங்கள்.

அன்று இரவு குழந்தைகள் காலணியை ஜன்னலோரம் வைத்து, ராஜாக்களுக்கு ஏதாவது இனிப்பும் ஒட்டகங்களுக்குத் தண்ணீரும் வைத்துவிட்டுத் தூங்குவார்கள். மறுநாள் 6-ஆம் தேதி காலையில் 'ரோஸ்கோன்' என்ற வளைய ரொட்டி. இதைக் கடைசி நேரத்தில் வாங்கலாம் என்று இருந்துவிடாதீர்கள், நல்ல பேக்கரிகளில் 5-ஆம் தேதி நீண்ட வரிசை நிற்கும். இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லிவைக்க வேண்டும். உள்ளே ஒரு சின்னப் பொம்மையும் ஒரு காய்ந்த அவரை விதையும் ஒளித்து வைத்திருப்பார்கள், ஆகவே மெதுவாகக் கடியுங்கள், சிறு பிள்ளைகளுக்குத் துண்டைப் பிய்த்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பொம்மை கிடைத்தவருக்குக் காகிதக் கிரீடம். அவரை விதை கிடைத்தவர் அன்றைய ரொட்டிக்குக் காசு கொடுக்க வேண்டும்.