பாஸ்டல் பென்சிலில் ஒரு வெள்ளவத்தைக் காகம்

நான் முதன்முதலில் வரைந்த காகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு மாமி கேட்டார்: "என்ன பிள்ளை, தார்ப் பீப்பாவுக்குள்ள விழுந்த காகமோ?" கோபம் வந்தாலும் அவர் சொன்னது சரிதான். கறுப்புப் பென்சில் ஒன்றையே தேய்த்துத் தேய்த்து முடித்திருந்தேன். காகத்தில் கறுப்பு மிகக் குறைவு என்று பிடிபட எனக்கு இன்னும் நாலு காகங்கள் தேவைப்பட்டன.

மாமி சனிக்கிழமை விரதக்காரர். மத்தியானம் பல்கனிச் சுவரில் காகத்துக்குச் சோறு வைப்பார். எங்கள் குசினி யன்னலிலிருந்து அது பத்தடிதான். மீன்கொத்தி வரைய ஆசையென்றால் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். காகம் தானாகவே வந்து உட்காரும், தலையைச் சாய்த்துப் போஸும் கொடுக்கும்.

ஆனால் பார்த்து வரைவதற்கான புகைப்படத்தைச் சோறு வைக்கும் நேரத்தில் எடுக்காதீர்கள். உச்சி வெயிலில் தலை பளிச்சிடும், கண் நிழலுக்குள் செத்துப்போகும். நான் பின்னேரம் நாலரைக்கு, கடல் பக்கமிருந்து வெயில் சாய்ந்து விழும்போது எடுத்தேன். கண்ணில் ஒளிப்புள்ளி விழுந்திருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் படம் வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் படங்களை நம்பி நிறம் எடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள வீட்டுக் காகத்தின் கழுத்துச் சாம்பல், வட இந்தியக் காகத்தினுடையதை விட அடர்த்தியானது. தலையை ஒரு படத்திலிருந்தும் கழுத்தை இன்னொன்றிலிருந்தும் எடுத்தால் ஊர் பேர் இல்லாத காகம்தான் வரும்.

பாஸ்டல் என்றதும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பூசும் எண்ணெய்ப் பாஸ்டலை நினைக்க வேண்டாம். இது உலர்ந்த நிறத்தூளைப் பென்சிலுக்குள் வைத்த சாமான். ஸ்டாபிலோவின் கார்ப் ஒத்தெல்லோ, ஃபேபர் காஸ்டலின் பிட் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. காகத்துக்கு எட்டு நிறம் போதும்: கருநீலம், கடும் ஊதா, கடும் கபிலம், கறுப்பு, இரண்டு சாம்பல், வெளிர்நீலம், வெள்ளை. கட்டருக்குள் விட்டுத் திருகிச் சீவினால் முனை உடைந்துகொண்டே இருக்கும். கத்தியால் மரத்தை நீளமாகச் சீவி, முனையை மண்கடதாசியில் உருட்டிக் கூராக்குங்கள். கீழே மட்டும் போட்டுவிடாதீர்கள். என் பெட்டி ஒருநாள் தரையில் விழுந்தது. வெளியே ஒரு கீறலும் இல்லை, உள்ளே ஊதா முழுவதும் துண்டு துண்டு.

காகிதத்துக்குப் பாஸ்டல்மேட் கிடைத்தால் நல்லது, படை மேல் படை தாங்கும். கேன்சன் மி தைன்த் என்றால் தேன்கூட்டுக் கோலம் உள்ள பக்கத்தை விட்டு மறுபக்கத்தில் வரையுங்கள். வெள்ளைத் தாள் வேண்டாம். மணல் நிறமாக இருந்தால் இருட்டும் வெளிச்சமும் இரண்டுமே அதில் எடுபடும்.

கோட்டுருவை மெல்லிய சாம்பலில் போடுங்கள். அலகின் நீளத்தைத் தலையோடு ஒப்பிட்டு அளந்துகொள்ளுங்கள். அலகு கொஞ்சம் குறைந்தாலே காகம் மைனாவாகிவிடும்.

அடுத்தது கண். அது பிழைத்தால் தாளைக் கிழித்துப் போடலாம், ஒரு மணித்தியாலம்தான் நட்டம். காகத்தின் கண் கருங்கபிலம். முழு வட்டத்தையும் கறுப்பால் நிரப்பாமல், கீழ் ஓரத்தில் பிறை போலக் கபிலம் தெரிய விடுங்கள். மேல் இமையின் நிழலால் மேல்பாதி இருண்டிருக்கும். ஒளிப்புள்ளியில் முதலில் வெளிர்நீலம், ஏனென்றால் அங்கே தெரிவது வானம். அதன் நடுவில் மட்டும் வெள்ளையால் ஒரு குத்து.

இனி அந்தக் "கறுப்பு". உச்சந்தலையில் கருநீலம், கன்னத்தில் ஊதா, தாடைக்குக் கீழே கபிலம் என்று மெதுவாகப் பூசி, விரலால் தாளுக்குள் தள்ளுங்கள். கறுப்புப் பென்சிலைக் கண்ணைச் சுற்றியும், வாய்க்கோட்டிலும், தொண்டை மடிப்பிலும் மட்டும் தொடுங்கள். மினுக்கத்துக்கு மேலே வெளிர்நீலக் கீற்றுகள். இந்தப் பறவைக்கு 1817இல் வைத்த அறிவியல் பெயரில் 'ஸ்ப்ளெண்டென்ஸ்' என்றொரு சொல் இருக்கிறது, மினுங்குவது என்று பொருள். பெயர் வைத்தவர் வெயிலில்தான் பார்த்திருப்பார் போல.

இறகுகளை ஒவ்வொன்றாக எண்ணி வரையப் போனால் பறவை மீன் செதிலாகிவிடும். அவை போகும் திசையைப் பிடியுங்கள். அலகடியில் தொடங்கி நெற்றியில் ஏறி, கண்ணைச் சுற்றி விலகி, பிடரியில் இறங்கும், ஆற்று நீர் கல்லைச் சுற்றிப் போவது மாதிரி. நெற்றியில் கீற்று இரண்டு மில்லிமீற்றர், பிடரிக்கு வரும்போது ஒரு சென்ரிமீற்றர். மூக்குத்துளையை மூடிக்கொண்டு அலகின் மேல் படிந்திருக்கும் முள்மயிர்களை மறந்துவிடாதீர்கள். அவை இல்லாத காகம் மொட்டையாகத் தெரியும்.

கறுப்பும் கழுத்துச் சாம்பலும் சந்திக்கும் இடத்தில்தான் நான் அதிகம் திணறினேன். அங்கே கோடு இல்லை. முதலில் சாம்பலைக் கறுப்புக்குள் கொஞ்சம் நுழைய விட்டு, பிறகு கூரான கருநீலத்தால் தலை இறகுகளை அதன் மேல் விழ விடுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்போது எல்லை கரைந்திருந்தால் சரி.

அலகில் கீற்றே வேண்டாம். பஞ்சுக்குச்சியால் வழவழப்பாகத் தேய்த்து, மேல் விளிம்பில் ஒரே ஒரு வெளிர்க்கோடு.

தூளை வாயால் ஊதாதீர்கள். எச்சில் துளி விழுந்த இடம் கறையாகிவிடும். தாளை நிமிர்த்திப் பின்னால் தட்டுங்கள். வரையும்போது மின்விசிறியையும் நிறுத்த வேண்டும். கொழும்புப் புழுக்கத்தில் அது தண்டனைதான், அதனால் நான் காலை ஆறு மணிக்கே உட்கார்ந்துவிடுவேன். தூள் உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்சேட்டிவ் திரவத்தை அடித்தால் வெளிர் நிறங்கள் மங்கும், நான் அடிப்பதில்லை. சட்டம் போடும்போது கண்ணாடி தாளில் முட்டாதபடி நடுவே மட்டை வைக்கச் சொல்லுங்கள். கடற்காற்று ஈரம் உள்ள சுவரில் மாட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். என் ஐந்தாவது காகம் இப்போது மாமி வீட்டு விறாந்தையில், உட்சுவரில் தொங்குகிறது.